புடவுக்குள் ஒரு சாட்டைச் சிலந்தி

கேள்வி: எங்கள் காப்பித் தோட்டத்துப் பாறைப் புடவில், இரவில் தட்டையான உடலும் நூல் போன்ற கால்களும் உடைய ஒரு பூச்சியைப் பார்க்கிறோம். பகலில் அது எங்கே போகிறது? கடித்தால் விஷமா?
– ஒரு வாசகர், தாண்டிக்குடி

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், அது பூச்சியன்று; சிலந்தி, தேள் ஆகியவற்றின் உறவான சாட்டைச் சிலந்தி. அதற்கு நச்சுச் சுரப்பியும் இல்லை, வலை பின்னும் இழையும் இல்லை என்பதால் அஞ்ச வேண்டியதில்லை.

பகலில் அது எங்கும் போவதில்லை. மிகக் குறுகிய பாறை வெடிப்பில் உடலை ஒட்டவைத்து அசையாமல் கிடக்கும். இருட்டிய பின் வெளியே வந்து, பெரும்பாலும் ஒரே இடத்தில் காத்திருக்கும். எட்டுக் கால்களில் முன்னிரண்டும் நடப்பதற்கல்ல. உடலைப் போலப் பல மடங்கு நீண்ட அந்தக் கால்களால், கண் தெரியாதவர் கோலால் தடவுவதைப் போலப் பாறையை மெல்லத் தடவி, சில்வண்டோ கரப்பானோ எட்டும் தொலைவுக்கு வந்ததும் வாயருகே உள்ள, முள் நிறைந்த பற்றுக்கைகளை விரித்து ஒரே நொடியில் பற்றிவிடும். விடியுமுன் வெடிப்புக்குத் திரும்பிவிடும். கோஸ்டாரிகாவில் ஒரு வகையைப் பிடித்துச் சுமார் 10 மீட்டர் தள்ளிவிட்டபோதும் தன் இடத்தைத் தேடி வந்தது. அந்த முன்கால்களின் முகரும் திறனே அதற்குப் பெரிதும் உதவியது.

தாய் முட்டைகளை வயிற்றின் அடியில் சுமக்கும். பொரிந்த வெளிறிய குஞ்சுகள் முதல் தோலுரிப்பு வரை அதன் முதுகிலேயே இருக்கும். அந்த நாட்களில் தொந்தரவு செய்யாதீர்கள். பார்த்தே ஆகவேண்டுமென்றால், டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். வெள்ளை வெளிச்சம் பட்டால் நொடியில் மறைந்துவிடும்.