வலது காலால் மட்டுமே உதைத்தால் இடது முழங்கால் பலவீனமாகுமா?

கோத்தகிரியில் கால்பந்து ஆடும் தம்பி கேட்டிருக்கிறார்: எப்போதும் வலது காலால்தான் உதைக்கிறேன், இடது முழங்காலின் தசை வலு குறைந்துவிடுமா?

பொதுவாகக் குறையாது. வலது கால் உதைக்கும் நொடியில் உடம்பின் எடையைத் தாங்கி நிற்பது இடது கால்தான். ஓட்டமும் திரும்புவதும் இரண்டுக்கும் பொது. அதனால் கருவி வைத்து அளந்தாலும் பல வீரர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. 10-15 சதவீதத்தைத் தாண்டினால்தான் பயிற்சியாளர்கள் கவனிப்பார்கள்.

என்னைக் கேட்டால், பார்க்க வேண்டியது பின்தொடையைத்தான். முன்தொடை காலை வீசுகிறது. வீசிய காலைப் பிடித்து நிறுத்துவது பின்தொடை. அதன் வலு முன்தொடையில் சுமார் 60 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. நம் மலையில் இறக்கம் இறங்குவது முன்தொடைக்குத்தான் வேலை (மறுநாள் வலிக்குமே, அது!). பின்தொடைக்குத் தனியாகச் செய்ய வேண்டும். நார்டிக் பயிற்சி நல்லது: மண்டியிட்டு, நண்பரைக் கணுக்காலைப் பிடிக்கச் சொல்லி, இடுப்பை மடக்காமல் உடம்பை மெல்ல முன்னால் சாய்க்க வேண்டும். ஆரம்பத்தில் சில முறை போதும்.

சந்தேகம் இருந்தால் ஒற்றைக்காலில் தாவி, இரு கால்களின் தூரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முழங்கால் வீங்கினாலோ, திடீரென்று நழுவுவதுபோல் இருந்தாலோ தாவிப் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள்.