மழையை அளப்பது யார்?

அன்பின் சேருக்கு,

நான் பேராதனையில் படித்துவிட்டு இப்போது தற்காலிக விரிவுரையாளராக இருக்கிறேன். ஊர் அப்புத்தளைப் பக்கம். தேயிலைச் சரிவுகளில் மழைக்கும் மண்சரிவுக்கும் உள்ள தொடர்பை ஆராய நிதிக்கு விண்ணப்பிக்கிறேன். படிவத்தில் 'இடர்களும் அவற்றைக் கையாளும் விதமும்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. உண்மையான இடர்களை எழுதினால் மதிப்பீட்டாளர்கள் பயந்து நிராகரித்துவிடுவார்கள், பொதுவாக நாலு வரி எழுதிவிடு என்கிறார்கள் கூட இருப்பவர்கள். டொலர் ஏறினால் கருவிகளுக்கு என்ன செய்வது என்றும் விளங்கவில்லை. வரைவை இணைத்திருக்கிறேன். ஆலோசனை சொல்வீர்களா?

அன்பின் மகளுக்கு,

போன கிழமை அலுமாரியை ஒதுக்கும்போது பழைய கொப்பி ஒன்று கையில் அகப்பட்டது. மூன்று நாளாக அதை மேசையிலேயே வைத்திருந்தேன். நாலாம் நாள் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

டொலரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டதும், 200 ரூபாயை ஒட்டியிருந்த டொலர் இரண்டு மாதத்தில் 350ஐத் தாண்டியது. ரூபாயில் நிதி வாங்கியிருந்தவர்கள், கேட்ட கருவிகளில் பாதிக்குச் சற்றுக் கூடத்தான் வாங்க முடிந்தது. ஆகவே விற்பவர் தரும் திகதியிட்ட விலைக்கூறலை இணையுங்கள், பணம் வந்த மாதமே கருவிக்குச் சொல்லிவிடுங்கள். நாலு தானியங்கி மழைமானி கேட்டிருக்கிறீர்கள். இரண்டு போதும், மற்ற இரண்டும் கையால் அளக்கும் மானியாக இருக்கட்டும். அனுமதிக் கடிதத்தைத் தோட்ட நிர்வாகியான துரையிடம் மட்டும் வாங்கி வைக்காதீர்கள். துரை மாறிப் போவார். கம்பனித் தலைமை அலுவலகத்திலும் ஒன்று வாங்குங்கள். அப்புறம், ஊவாப் பக்கம் பெருமழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை என்பது உங்களுக்கே தெரியும். நிதி பிந்தி, கருவி நவம்பரில் வந்து சேர்ந்தால் ஒரு வருடம் போச்சு. இதை இடர்ப் பக்கத்தில் மாதம் போட்டு எழுதுங்கள். மதிப்பீட்டாளர் பயப்பட மாட்டார். நானும் சில வருடம் அந்த வேலை செய்தவன். 'காலநிலை பாதகமாக அமையலாம்' என்று மட்டும் எழுதியிருந்தால், இவர் இன்னும் மலை ஏறிப் பார்க்கவில்லை என்றுதான் நினைத்திருக்கிறேன்.

சரி, எனக்குக் கோபம் வந்த இடத்துக்கு வருகிறேன். உங்கள் வரைவின் ஐந்தாம் பக்கம்: 'தோட்ட மக்கள் இவ்வாய்வுக்குத் தமது முழு ஒத்துழைப்பையும் வழங்குவார்கள்.' யார் சொன்னது, மகள்? அவர்களைக் கேட்டீர்களா? வேன் வாடகைக்குத் தொகை இருக்கிறது, பற்றரிக்கு இருக்கிறது, போட்டோ கொப்பிக்குக்கூட இருக்கிறது. தினமும் போய் அந்த மானியைப் பார்த்து எழுதப் போகிறவருக்கு ஒரு சதம் இல்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளை நீங்கள். நீங்களே இப்படி எழுதினால் எப்படி?

இந்த வரியை நானும் எழுதியிருக்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில், இரண்டு வருட ஆய்வு. தோட்டத்தில் ஒரு மழைமானியை நட்டு, பக்கத்து லயத்தில் இருந்த ஓர் அம்மாவிடம் கொப்பியைக் கொடுத்தேன். கொழுந்து எடுப்பவர். நாலாம் வகுப்புவரை படித்தவர், எண்கள் அச்சுப்போல இருக்கும். காலை எட்டரைக்கு அளக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். இரண்டு நிமிட வேலைதானே என்று நினைத்தேன். சம்பளம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்து ஏழரைக்கெல்லாம் அவர் மலையில் நிற்க வேண்டும். எட்டரைக்கு மானிக்கு இறங்கி வந்து திரும்பவும் ஏறினால் ஒரு மணித்தியாலம் போய்விடும். அந்த ஒரு மணித்தியாலத்துக் கொழுந்து குறையும். நிறுக்கும்போது கிலோ காணாது, அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். கொழுந்து குறைந்த மாதங்களில் எட்டரைக்கே வந்து அளந்தார். கொழுந்து பெருகிய மாதங்களில் சில நாள் பெரட்டுக்கு முன் ஆறரைக்கு அளந்தார், சில நாள் வேலை விட்டு ஐந்துக்கு. கொப்பியில் மட்டும் எல்லா நாளும் 8.30. நான் அப்படித்தானே சொல்லியிருந்தேன்.

காலை ஆறரைக்கு ஒருதரம், மறுநாள் மாலை ஐந்துக்கு ஒருதரம் என்றால் இடையில் முப்பத்து நாலரை மணித்தியாலம். அத்தனை மழையும் ஒரு நாள் மழையாகப் பதிவாகும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு 24 மணித்தியாலத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் என்று படிகள் வைத்திருக்கிறது. 150 என்றால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். நேரம் பிசகினால் 80 உங்கள் அட்டவணையில் 110 ஆகிவிடும். மறுநாள் 100 என்பது 60 ஆகிவிடும். 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நீங்கள் சேர்க்கப் போகும் எண்களை நம்பி நாளைக்கு ஒருவர் எழும்பி ஓடலாம், அல்லது ஓடாமல் இருந்துவிடலாம்.

விஷயம் தெரிந்ததும் நான் அந்த அம்மாவிடம் சத்தம் போட்டேன். கொப்பியின் ஓரமெல்லாம் கொழுந்துக் கறை படிந்த பெருவிரல் அடையாளம். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "எட்டரைக்கு எறங்கி வந்தா எனக்கு அரைப்பேருதாங்கய்யா."

இருபத்து நாலு மாதத்தில் ஏழு மாதத்தை வெட்டி எறிந்தேன். இறுதி அறிக்கையில் காரணம் எழுதினேன்: 'அவதானிப்பாளரின் தவறு.' அந்த வார்த்தை இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. தவறு அவருடையது இல்லை. விண்ணப்பம் எழுதிய அன்றே நான் செய்தது.

ஐந்தாம் பக்கத்து வரியை வெட்டுங்கள். இந்தக் கிழமையே தோட்டத்துக்குப் போய், வேலைக்குப் போகாத ஓய்வுபெற்றவர் யாராவது லயத்தில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அவருக்குச் சுகமில்லாத நாளுக்கு இரண்டாவது ஆள் ஒருவர் வேண்டும். நாள் ஒன்றுக்கு என்ன தருவீர்கள் என்பதை அவர்களோடு பேசி முடிவு செய்து, வேன் வாடகைக்கு மேலே முதல் வரியாகப் போடுங்கள். எட்டரை அவர்களுக்குச் சரிவராவிட்டால் எந்த நேரம் சரிவரும் என்று கேட்டு, தினமும் அதே நேரம் அளக்க ஏற்பாடு செய்யுங்கள். இடர்ப் பக்கத்தில் இதையே எழுதுங்கள்.

திருத்திய வரைவை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால் ஞாயிறு இருந்து பார்த்துவிடுவேன். நேரம் கிடைத்தால் வீட்டுக்கும் ஒருமுறை வாருங்கள். அந்தக் கொப்பியை உங்களிடம் தர வேண்டும்.