தரகர் எடுத்துச் சொல்ல வேண்டியது

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயதில் வந்த வலிப்பு நோய் மாத்திரையால் கட்டுப்பட்டிருக்கிறது, நான்கு ஆண்டுகளாக ஒருமுறைகூட வரவில்லை. வரன் பார்க்கும் கல்யாணத் தரகரோ, "ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை முடிக்கலாம், இதை வெளியே விடாதீர்கள்" என்கிறார். அனுபவம் உள்ளவர் என்பதால் அவர் பேச்சைக் கேட்கலாமா?
– ஒரு தாய்

பதில்: இந்த ஒன்றில் கேட்க வேண்டாம், அம்மா.

தரகரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குறுந்தொகையின் 146ஆம் பாடலில், கையில் தண்டும் நரைத்த தலையில் பாகையுமாக மணம் பேச வந்த முதியவர்களைக் கண்ட தோழி, பிரிந்தோரைச் சேர்த்து வைப்போர் நம் ஊரிலும் இருக்கிறார்கள் போலும் என்று தலைவியைத் தேற்றுகிறாள். இரு வீட்டாரும் நேரில் கேட்கக் கூசுவதைக் கேட்டு, சொல்லத் தயங்குவதைப் பக்குவமாகச் சொல்லி, ஒத்துவராதபோது மனக்கசப்பின்றி விலகவும் வழிசெய்வதே நடுவில் நிற்பவரின் பணி. தங்கள் மகளின் நோயைப் பற்றிய செய்தி அப்படி ஒருவர் வாயால் போய்ச் சேர வேண்டியது. அதை மறைக்கச் சொல்பவர் தம் பொறுப்பையே தட்டிக் கழிக்கிறார்.

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய் ஒரு தடையாக இருந்ததை, 1999இல் வந்த திருத்தம் நீக்கிவிட்டது. ஆகவே தங்கள் மகளின் திருமணத்துக்குச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு, முக்கியமான செய்தியில் ஏமாற்றிச் சம்மதம் பெற்ற திருமணத்தை, ஏமாற்றம் தெரியவந்த ஓராண்டுக்குள் எதிர்த்து வழக்காட இடமளிக்கிறது.

மேலும், ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாள்தோறும் மாத்திரையை ஒளித்து விழுங்குவது நடக்கிற காரியமா? பயந்து ஒருவேளை விட்டுவிட்டாலும் வலிப்பு திரும்பலாம். சில வலிப்பு மருந்துகள் கருவைப் பாதிக்கக்கூடியவை என்பதால், கருத்தரிப்பதற்கு முன்பே நரம்பியல் மருத்துவரிடம் கலந்து பேச வேண்டியிருக்கும். அப்போது கணவர் உடன் இருக்க வேண்டாமா?

ஜாதகம் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுமாறு தரகரிடம் கூறுங்கள்; அவர் மறுத்தால் வேறொருவரைப் பாருங்கள். பெண் பார்க்க வந்து போனபின் சொன்னால், அந்த மறுப்பு மகளின் மனத்தில் தைக்கும். இசைந்து வரும் வீட்டாரிடம் இன்னொன்றையும் அவர் மூலமாகவே கேளுங்கள்: உறக்கம் கெட்டால் வலிப்பு தூண்டப்படக்கூடும் என்பதால், விடியற்காலை முகூர்த்தத்தைத் தவிர்த்து, பொழுது நன்றாக ஏறியபின் வரும் முகூர்த்தமாகக் குறிக்கச் சொல்லுங்கள்.