பந்தைப் பிசைந்தால் விரல் விரியுமா?

கேள்வி: என் அப்பா மல்லிகை விவசாயி, வயது 61. நான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் செயலிழந்தன. இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். ஆனால் இடது கை விரல்கள் மடங்கியே இருக்கின்றன. தானாக விரிக்க முடியவில்லை. உறவினர் சொன்னபடி தினமும் பந்தைப் பிசைகிறார். உத்தரத்தில் கப்பி மாட்டி, நல்ல கையால் கயிற்றை இழுத்து இடது கையைத் தூக்குகிறார். தோளில் வலி கடுமையாகிவிட்டது. பயிற்சியைக் கூட்டலாமா?
- வாசகி, திருமங்கலம்

பதில்: கூட்ட வேண்டாம், கப்பியை இன்றே கழற்றிவிடுங்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது தோள்பட்டை எலும்பும் கூடவே மேல்நோக்கிச் சுழல வேண்டும். அதைச் சுழற்றும் தசைகள் வலுவிழந்திருக்கையில் கயிறு கையை மட்டும் இழுப்பதால், மூட்டுக்கு இடையிலுள்ள மென்மையான திசுக்கள் நசுங்குகின்றன. எழுப்பி உட்காரவைக்கும்போதும் அந்தக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உட்கார்ந்திருக்கும்போது முழங்கைக்குக் கீழே தலையணை இருக்கட்டும்.

பந்தைப் பற்றி: உங்கள் அப்பாவுக்கு மடக்க வருகிறது, விரிக்கத்தான் வரவில்லை. வந்துவிட்ட அசைவையே நாள் முழுதும் செய்து என்ன பயன்? விரல் விரியாததற்குக் காரணம் எல்லோருக்கும் ஒன்றல்ல என்பதால், பயிற்சியை முடிவு செய்யுமுன் காரணத்தைத் தேட வேண்டும். விரல்களை நீங்கள் மெதுவாக விரித்தால் இசைந்து, வேகமாக விரித்தால் எதிர்க்கின்றனவென்றால், அது மூளையின் கட்டுப்பாடு குறைந்ததால் வரும் இறுக்கம்; மெதுவாக விரித்தும் ஓரளவுக்கு மேல் வராவிட்டால் தசையே சுருங்கத் தொடங்கியிருக்கலாம். கண்ணை மூடச் சொல்லி அவர் கட்டைவிரலை மேலும் கீழும் அசைத்து, எந்தப் பக்கம் என்று கேளுங்கள். தெரியாவிட்டால் உணர்வும் குறைந்திருக்கிறது. சாப்பிடும்போது இலையின் இடப்பக்கக் கூட்டைத் தொடாமலே எழுகிறாரா என்றும் கவனியுங்கள். வலப்பக்க மூளை பாதிக்கப்பட்ட சிலருக்கு இடப்பக்க உலகமே கவனத்தில் வராது. அவர்களுக்குக் கைப்பயிற்சி மட்டும் போதாது. வீட்டார் இதைச் சோம்பல் என்று எண்ணிக் கடிந்துகொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது.

பாதித்த கையையே பயன்படுத்த வைப்பதற்காக நல்ல கையை உறையிட்டுக் கட்டிப்போடும் பயிற்சியைப் பற்றியும் யாராவது சொல்லக்கூடும். பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதமான 222 பேரிடம் நடந்து 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் அது நல்ல பலன் தந்தது உண்மை. ஆனால் மணிக்கட்டையும் விரல்களையும் தாமாகவே சிறிதளவாவது நிமிர்த்த முடிந்தவர்களே அதில் சேர்க்கப்பட்டார்கள். உங்கள் அப்பா இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை.

இப்போதைக்கு முன்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு, காலி டம்ளரிலிருந்து விரல்களை விடுவிக்க அவர் முயலட்டும். பிடிப்பதை விட விடுவதே இங்கு பாடம். பிறகு மொட்டுகளைத் தட்டில் பரப்பி, அந்தக் கையால் ஒதுக்கச் சொல்லுங்கள். பழகிய வேலையென்றால் ஆர்வத்துடன் திரும்பத் திரும்பச் செய்வார், மூளை புதிய வழியைக் கற்பதற்கு அதுவே தேவை.

தோள்வலியை உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். மதுரைக்கு அடிக்கடி அழைத்துவர முடியாவிட்டால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைக் கேளுங்கள். 2021 முதல் அதன்வழியே வீட்டுக்கே பிசியோதெரபி கிடைக்கிறது. வருபவரிடம் மேலே சொன்ன சோதனைகளில் நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்.