‘பரவாயில்லைங்க’ என்பது மூன்றா, நான்கா?

பணியிடங்களில் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதத்தையும் மனிதவள மேலாண்மையையும் பற்றித் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் விடையளிக்கிறேன்.

கேள்வி: ஓசூர் வட்டாரத்து மின்னணுப் பொருள் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் பெண்களின் பணித் திருப்தியை முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்கிறேன். 40 கூற்றுகள் கொண்ட வினாப்பட்டியலை நிறுவனத்தின் மனிதவளத் துறை வழியாக 300 பேருக்குக் கொடுத்தேன். 1 (சிறிதும் உடன்படவில்லை) முதல் 5 (முழுமையாக உடன்படுகிறேன்) வரையிலான அளவுகோலில் ஏறத்தாழ எல்லோரும் 4 அல்லது 5 என்றே குறித்திருக்கிறார்கள். ஆனால் அதே நிறுவனத்தில் புதிதாகச் சேர்பவர்களில் பலர் ஆறு மாதத்துக்குள் விலகிவிடுவதாக அந்தத் துறையினரே கூறுகிறார்கள். என் ஆய்வில் எங்கே பிழை நேர்ந்தது?
— ஆய்வு மாணவி, கிருஷ்ணகிரி

பதில்: தாள்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். திருப்தி என்று குறித்தவர்களுக்கும் விலகிச் செல்பவர்களுக்கும் இடையே நீங்கள் கண்ட முரண்தான் இதுவரை உங்களுக்குக் கிடைத்த ஒரே உண்மையான கண்டுபிடிப்பு.

முதலில், தாள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதைப் பாருங்கள். விடுப்புக்கு ஒப்புதல் தருவதும், ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதும், விடுதியில் அறை ஒதுக்குவதும் எந்தத் துறையோ அந்தத் துறையே தாளைக் கொடுத்து அதே நாளில் திரும்பப் பெற்றால், ‘பெயர் எழுத வேண்டாம்’ என்று மேலே அச்சிட்டிருப்பதைப் பத்தொன்பது வயதுப் பெண் எப்படி நம்புவாள்? பெயர் இல்லாவிட்டாலும் ஊர், வயது, படிப்பு, ஷிப்ட், லைன் எண் என்று ஐந்து விவரங்களைக் கேட்டிருப்பீர்கள். ஒரு லைனில் பென்னாகரத்திலிருந்து வந்தவள் ஒருத்தி மட்டுமே என்றால், அவளுக்கு அந்த விவரங்களே பெயர்தான்.

அடுத்தது மொழி. ஐந்து புள்ளி அளவுகோலை ரென்சிஸ் லிக்கர்ட் 1932-இல் அமெரிக்காவில் முன்வைத்தார். அதைத் தமிழாக்கும்போது ‘முழுமையாக உடன்படுகிறேன்’, ‘ஓரளவு உடன்படுகிறேன்’ என்று எழுதுகிறோம். ஆனால் நம் பக்கத்தில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ‘வேலை எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் நம் மாவட்டப் பெண்களிடமிருந்து பெரும்பாலும் வரும் விடை ‘பரவாயில்லைங்க’ என்பதுதான். அது ‘நன்றாக இருக்கிறது’ என்றும் பொருள்படும். ‘வேறு வழியில்லாமல் பொறுத்துக்கொள்கிறேன்’ என்றும் பொருள்படும். ‘உங்களிடம் இதைப் பேச எனக்கு விருப்பமில்லை’ என்றும் பொருள்படும். எந்தப் பொருளில் சொன்னாள் என்பது குரலில் தெரியும், தாளில் தெரியாது. ஓசூரிலும் தளியிலும் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாக உள்ளவர்கள் பலர். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்களும் லைனில் இருக்கக்கூடும். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுசெல்ல, இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்தும் முறையை ஆய்வாளர்கள் அரை நூற்றாண்டாகக் கையாள்கிறார்கள். அதைச் செய்தபின், பத்துப் பெண்களிடம் ஒவ்வொரு கூற்றையும் வாசித்துக் காட்டி, ‘இது எதைக் கேட்கிறது என்று உங்களுக்குப் படுகிறது?’ என்று கேளுங்கள். நாற்பதில் பாதியாவது நீங்கள் நினைத்திராத பொருளில் புரிந்துகொள்ளப்பட்டிருந்தால் நான் வியப்படைய மாட்டேன்.

மூன்றாவது பிழை உங்களுடையது மட்டுமன்று. நான் படித்த மேலாண்மை ஆய்வேடுகள் பலவற்றிலும் அது இருக்கிறது. பணித் திருப்தியையும், வேலையை விட்டு விலகும் எண்ணத்தையும், மேற்பார்வையாளர் பற்றிய கருத்தையும் ஒரே ஆளிடம், ஒரே தாளில், ஒரே அமர்வில் கேட்டுவிட்டு, அவற்றுக்கிடையே உள்ள தொடர்பைக் கணக்கிடுகிறோம். அன்றைய மனநிலையும், விரைவாகத் தாளை முடித்துவிட்டு எழுந்துபோகும் அவசரமும் எல்லா விடைகளையும் ஒரே பக்கம் சாய்ப்பதால், இல்லாத தொடர்பும் இருப்பதுபோல் தெரியும். பொட்சகோஃபும் உடன் ஆய்வாளர்களும் 2003-இல் இதைப் பற்றி எழுதிய விரிவான கட்டுரை இத்துறையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படுபவற்றுள் ஒன்று. மேற்கோள் காட்டிவிட்டு அதே பிழையைச் செய்வதும் வழக்கமாகிவிட்டது. ஒரு பக்கம் வினாப்பட்டியலாக இருந்தால், மறுபக்கம் வருகைப் பதிவேடு, விலகல் பதிவேடு, மருத்துவ அறைப் பதிவேடு என்று எவருடைய கருத்தையும் சாராத ஒன்றாக இருக்கட்டும்.

நேர்காணலுக்கு இடம்கொடுக்க உங்கள் நெறியாளர் தயங்கினால், சிகாகோவுக்கு அருகே இருந்த ஹாதார்ன் தொழிற்சாலையில் நடந்ததை எடுத்துச் சொல்லுங்கள். அங்கே 1928-இல் தொடங்கிய நேர்காணல் திட்டத்தில் 20,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் பேசினார்கள். தொடக்கத்தில் கையில் கேள்விகளை வைத்துக்கொண்டுதான் சென்றார்கள். தொழிலாளர்களோ கேட்டதற்கு விடை சொல்லாமல் தங்கள் மனத்தில் இருந்ததையே பேசினார்கள். அதைக் குறுக்கீடாகக் கருதாமல், கேள்விகளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கத் தொடங்கினார்கள். அரை மணி நேரப் பேச்சு ஒன்றரை மணி நேரமாக நீண்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்ட 300 பேரும் இன்னும் வேலையில் இருப்பவர்கள். விலகிப்போனவர்கள் அரூரிலும் ஊத்தங்கரையிலும் பாலக்கோட்டிலும் தங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களில் முப்பது பேரை ஞாயிற்றுக்கிழமைகளில், அவர்களும் வீட்டாரும் சம்மதித்தால், சென்று பாருங்கள். பேருந்துச் செலவு ஆகும். ஆனால் ஆய்வேட்டின் சிறந்த அத்தியாயம் அங்கிருந்துதான் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: மாஸ்லோவின் தேவைப் படிநிலைப் பிரமிடைத் தேர்வில் வரையச் சொல்கிறார்கள். அது நிரூபிக்கப்பட்டதா?
— இளங்கலை வணிகவியல் மாணவர், தர்மபுரி

பதில்: உணவு போன்ற அடிப்படைத் தேவைகளில் தொடங்கி மரியாதை போன்றவை வரை மனிதத் தேவைகளை வரிசைப்படுத்திய அமெரிக்க உளவியலாளர் மாஸ்லோ 1943-இல் எழுதிய கட்டுரையில் பிரமிடு கிடையாது, பின்னாளில் மேலாண்மை நூலாசிரியர்கள் வரைந்தது அது. ஒரு தேவை முழுமையாக நிறைவேறிய பிறகே அடுத்தது தலைதூக்கும் என்று அவர் சொல்லவுமில்லை. பின்னர் நடந்த ஆய்வுகளும் அந்த வரிசையை உறுதிப்படுத்தவில்லை. அரைவயிற்றுக் கூலியிலும் ‘மரியாதை இல்லாத இடத்தில் வேலை செய்ய மாட்டேன்’ என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறியவர்களை நம் ஊரிலேயே பார்த்திருக்கிறோம். தேர்வில் வரையுங்கள்; மதிப்பெண் வேண்டுமே.

கேள்வி: கிருஷ்ணகிரிக்கு அருகே மாம்பழக்கூழ் தொழிற்சாலை நடத்துகிறேன். பெங்களூரா காய் வரத்து உச்சத்தில் இருக்கும் வாரங்களில்தான் ஆட்கள் வராமல் நின்றுவிடுகிறார்கள். சென்ற பருவத்தில், நன்றாக வேலை செய்யும் சிலருக்கு மட்டும் நாளொன்றுக்கு 40 ரூபாய் கூட்டிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு வருகை இன்னும் குறைந்தது. கூட்டிக் கொடுக்கப்பட்டவர்களும் சரியாக வரவில்லை. திறமைக்கு ஏற்பக் கூலி கொடுப்பது தவறா?
— தொழில்முனைவர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: தவறன்று. ஆனால் உங்களுக்கு நேர்ந்ததைப் போன்ற ஒன்றை எமிலி பிரேசா, சுப்ரீத் கௌர், யோகிதா ஷாம்தாசனி ஆகிய மூன்று பொருளியலாளர்கள் ஒடிசாவில் சோதித்து, 2018-இல் வெளியிட்டிருக்கிறார்கள். கைவினை உற்பத்தியில் ஈடுபட்ட தொழிலாளர்களை மூவர் மூவராகக் குழுக்களாகப் பிரித்து, சில குழுக்களில் மூவருக்கும் ஒரே நாட்கூலியும், மற்றவற்றில் தொடக்கத்தில் அளந்த திறமை வரிசைப்படி வெவ்வேறு கூலியும் ஒரு மாத காலம் கொடுத்தார்கள். ஒரே தொகை பெறுபவர்களை இரு வகைக் குழுக்களிலும் ஒப்பிட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் கூடுதலாகப் பெறுகிறார் என்பது மட்டுமே வேறுபாடு. கூலி வேறுபட்ட குழுக்களில் உற்பத்தி குறைந்ததோடு, வருகையும் 18 சதவீதப் புள்ளிகள் வீழ்ந்தது. வாரங்கள் செல்லச் செல்ல அந்த விளைவு வலுத்தது. குழுவினர் தங்கள் சொந்த நன்மைக்காகக்கூட ஒத்துழைப்பது குறைந்தது. வருகை குறைந்தால் அன்றைய கூலியும் போகும் என்பதை நினைத்துப் பாருங்கள். கையிலிருந்து காசை இழந்தாவது அந்த இடத்திலிருந்து விலகி இருக்கவே அவர்கள் விரும்பினார்கள்.

உங்களுக்குப் பயன்படும் முடிவு இதற்கு அடுத்துதான் வருகிறது. கூடுதல் கூலி பெறுபவர் தம்மைவிட அதிகம் செய்கிறார் என்பதை உடன் இருப்பவர்கள் தங்கள் கண்ணால் தெளிவாகப் பார்க்க முடிந்த இடங்களில், இந்தக் கேடு எதுவும் காணப்படவில்லை. உங்கள் தொழிற்சாலையில் இதை எப்படிப் பொருத்துவது? காயைத் தரம் பிரிக்கும் பெல்ட்டில் பத்துப் பேர் வரிசையாக நிற்கும்போது யார் எவ்வளவு பிரித்தார் என்பது யாருக்கும் தெரியாது. அங்கே நீங்கள் பொறுக்கி எடுத்த சிலர் எவ்வளவு திறமையானவர்களாக இருந்தாலும், மற்றவர்கள் கண்ணுக்கு அவர்கள் முதலாளிக்கு வேண்டியவர்கள்தான். அந்த வேலைக்கு அனைவருக்கும் ஒரே கூலி வைத்து, பருவம் முடியும்வரை வந்தவர்களுக்குக் கடைசி நாளில் ஒரு தொகையைச் சமமாகக் கொடுப்பது பொருத்தம் என்பது என் கருத்து. கூடை எண்ணிக்கையாகவோ பெட்டி எண்ணிக்கையாகவோ எண்ணிப் பார்க்கக்கூடிய வேலைகளில் மட்டும், எண்ணிக்கையை அன்றாடம் பலகையில் எழுதிவிட்டு, அதன்படி கூலியை வேறுபடுத்துங்கள். கூட்டிக் கொடுக்கப்பட்டவர்களும் ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே வேனில் ஒரே ஊருக்குத் திரும்பிச் செல்ல வேண்டியவர்கள் அவர்கள். அந்த வேனுக்குள் நடந்த பேச்சு உங்கள் காதுக்கு வந்திருக்காது.

கேள்வி: லைனில் எட்டு ஆண்டுகள் வேலை செய்து, இப்போது ஷிப்ட் சூப்பர்வைசராக உயர்ந்திருக்கிறேன். பையன்கள் மதியத்துக்குள் டார்கெட்டை ஏறத்தாழ முடித்துவிட்டுப் பிறகு மெதுவாக ஓட்டுகிறார்கள். கேட்டால், ‘நீங்களும் எங்களோட இருந்தவர்தானேண்ணா’ என்கிறார்கள். மேலாளர் என்னை நெருக்குகிறார். கண்டிப்பாக இருப்பதா, பழைய உறவைக் காப்பதா?
— சூப்பர்வைசர், ஓசூர்

பதில்: அந்தப் பையன்கள் சோம்பேறிகள் அல்லர் என்பது உங்களுக்கே தெரியும். முன்பே குறிப்பிட்ட ஹாதார்ன் தொழிற்சாலையில், 1931 நவம்பர் முதல் 1932 மே வரை, தொலைபேசி இணைப்பகக் கருவிகளுக்குக் கம்பி பொருத்தும் 14 ஆண்களைத் தனி அறையில் வைத்துக் கவனித்தார்கள். குழுவின் மொத்த உற்பத்திக்கு ஏற்ப ஊதியம் என்பதால் எல்லோரும் முடிந்த மட்டும் செய்வார்கள் என்று நிர்வாகம் எதிர்பார்த்தது. அவர்களோ ஒரு நாளைக்கு இரண்டு கருவிகள்தான் நியாயமான அளவு என்று தங்களுக்குள் முடிவுசெய்து வைத்திருந்தார்கள். அதை மீறிச் செய்தவனைக் கேலிப் பெயரிட்டு அழைத்தார்கள். மேற்கையில் ஒரு குத்தும் விட்டார்கள். குறைவாகச் செய்தவனுக்கும், மேலதிகாரியிடம் கோள் சொன்னவனுக்கும் அதே அறையில் வேறு வேறு பெயர்கள் இருந்தன. காரணம் கேட்டபோது, கூடுதலாகச் செய்தால் அதுவே நாளைய அளவாகிவிடும், அல்லது ஆட்களைக் குறைப்பார்கள் என்றார்கள்.

உங்கள் லைனில் டார்கெட் கடைசியாக எப்போது உயர்த்தப்பட்டது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பையன்கள் ஒரு மாதம் தொடர்ந்து கூடுதலாகச் செய்து காட்டிய பிறகா? அப்படியானால் அவர்கள் கணக்குச் சரி. ‘அளவை இன்ன தேதிவரை மாற்ற மாட்டோம், மிகுதியாகச் செய்தால் இன்ன தொகை கிடைக்கும்’ என்று மேலாளரிடம் எழுத்தில் வாங்க முடிந்தால் வாங்குங்கள்; முடியாதென்றால், நெருக்கடியில் பாதியை மேலாளர் பக்கமே திருப்பி அனுப்புவது உங்கள் உரிமை. இருபத்தைந்து ஆண்டுகள் தொழிற்சாலைகளில் பணியாளர் அலுவலராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நான் பார்த்த டார்கெட் சண்டைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சூப்பர்வைசர் காரணமாக இருந்ததில்லை, அடிபட்டவர் மட்டும் அவரே.

கண்டிப்பா, உறவா என்ற கேள்விக்கு நம் நாட்டு ஆய்வாளர் ஒருவர் விடை தேடியிருக்கிறார். பாட்னாவைச் சேர்ந்த உளவியலாளர் ஜெ.பி.பி. சின்ஹா, இந்தியப் பணியிடங்களில் எதேச்சாதிகாரத் தலைமையும் சரிவருவதில்லை, மேலைநாட்டுப் பங்கேற்புத் தலைமையும் உடனடியாக வேர்பிடிப்பதில்லை என்று கண்டு, பேணி வளர்த்து வேலை வாங்கும் தலைவர் என்ற கருத்தை 1980-இல் நூலாக எழுதினார். அண்ணன்போல் அக்கறை காட்டுவார். ஆனால் அந்த அக்கறை வேலையைச் செய்பவனுக்கே கிடைக்கும். தம்பி தானாக நடக்கத் தொடங்கியதும் அவர் கையை விட்டுவிட வேண்டும் என்பதும் அதில் அடக்கம். ‘அண்ணா’ என்று அழைப்பதைத் தடுக்காதீர்கள். ஓவர்டைம் பட்டியல் போடும்போது மட்டும் அது உங்கள் காதில் விழக் கூடாது.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் கருத்துப் பெட்டி வைத்து ஓராண்டு ஆகிறது. மூன்று தாள்களே வந்தன. மூன்றும் உணவகச் சாம்பார் பற்றியவை. இதனால் பயன் உண்டா?
— மனிதவள அலுவலர், ஓசூர்

பதில்: குறை இருக்கும்போது அதைப் பேச இடம் இருந்தால் ஆள் வெளியேறுவது குறையும் என்ற பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மனின் 1970-ஆம் ஆண்டுக் கருத்தை அச்யுத அத்வர்யுவும் உடன் ஆய்வாளர்களும் இந்திய ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் சோதித்திருக்கிறார்கள். ஊதிய உயர்வு எதிர்பார்ப்பைவிடக் குறைவாக அமைந்த உடனே, குலுக்கல் முறையில் எடுத்த சிலரிடம் மட்டும் பெயர் கேட்காமல் பணிச்சூழல், மேற்பார்வையாளர், திருப்தி பற்றிக் கருத்துக் கேட்டார்கள். கேட்கப்பட்டவர்களிடையே வேலையை விடுவதும் வராமல் இருப்பதும் குறைந்தன. மிகுந்த ஏமாற்றம் அடைந்தவர்களிடம் அந்த மாற்றம் கூடுதலாக இருந்தது. அங்கே நிறுவனமே ஆளைத் தேடிச் சென்று கேட்டது; உங்கள் நிறுவனத்தில் ஆள்தான் பெட்டியைத் தேடி வர வேண்டியிருக்கிறது. பெட்டி, கேமராவுக்கு நேர் கீழே காவலர் அறையை ஒட்டி இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதற்குமுன், அந்த மூன்று பேர் எழுதிய சாம்பார் இப்போது எப்படி இருக்கிறது?