ஏர்ல் பிரவுனின் 'டிசம்பர் 1952': தாளை எந்தப் பக்கமிருந்து வாசிப்பது?

அமெரிக்க இசையமைப்பாளர் பிரவுனின் இந்தப் படைப்பு ஒரே ஒரு இசைத்தாள்: வழக்கமான சுரக்குறிகள் இல்லை, படுக்கையும் நெட்டுமான கோடுகள் மட்டுமே. அதை எந்தப் பக்கமிருந்து வாசிப்பது என்று கேட்டிருந்தீர்கள். எங்கிருந்தும் தொடங்கலாம். நான்கு விளிம்புகளில் எதையும் மேலாக வைக்கலாம். திசை, கால அளவு, வாத்தியம் எல்லாவற்றையும் பிரவுன் வாசிப்பவரிடமே விட்டிருக்கிறார்.

நீங்கள் நால்வர் சேர்ந்து வாசித்தும் வெறும் இரைச்சலாகக் கேட்கிறது என்கிறீர்கள். கோட்டுக்குக் கோடு தாவுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தத் தாளில் மையைவிட வெள்ளைதான் மிக அதிகம். அந்த வெள்ளையை மௌனமாக எடுத்து, அதற்கும் முழு நேரம் கொடுங்கள். பிரவுனை ஈர்த்தவை சிற்பி அலெக்சாண்டர் கால்டரின் 'மொபைல்' எனும் தொங்கும் சிற்பங்கள்: தகடுகள் அதேதான், காற்றில் அவற்றுக்கிடையிலான உறவு மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். அந்த அழகு இடைவெளியில்தான் இருக்கிறது.

இப்படிச் சோதியுங்கள்:

1. முதலில் ஒருவர் மட்டும், 2 நிமிடம். தாள் 24 செ.மீ. அகலம் என்றால் 1 செ.மீ.க்கு 5 விநாடி. படுக்கைக் கோட்டின் நீளம் ஒலி நீடிக்கும் நேரம், இருக்கும் உயரம் சுருதி, தடிமன் ஒலியின் வலு. நெட்டுக்கோடு வந்தால் பியானோவில் அடுத்தடுத்த கட்டைகளைச் சேர்த்து அழுத்துங்கள்.

2. தாளை 90 பாகை திருப்பி மறுபடி வாசியுங்கள். சற்றுமுன் நீண்டு ஒலித்த கோடு இப்போது கொத்தாக விழும்.

3. பிடிபட்டதும் நால்வரும் ஆளுக்கொரு திசையில், ஒரே கடிகாரத்தைப் பார்த்து.

இது ஒரு வாசிப்பு முறைதான். வேறு முறையும் வகுக்கலாம், நடுவில் மட்டும் மாற்றாதீர்கள். இன்னொரு இசையமைப்பாளர் மார்ட்டன் ஃபெல்ட்மனின் 'புரொஜெக்ஷன் 1' (1950) தாளுக்கு இது பொருந்தாது. அங்கே தாளில் வரைந்த ஒரு பெட்டிக்கு 4 துடிப்பு, வேகம் நிமிடத்துக்குச் சுமார் 72. தாளைத் திருப்ப இடமில்லை.