செத்தவர் போட்ட கையெழுத்து

கேள்வி: டல்லஸில் வசிக்கிறேன். அதிபர் கென்னடியைக் கொன்றதாகக் கைதான லீ ஹார்வி ஆஸ்வால்டை ஜாக் ரூபி சுடும் படத்தை, அப்பாவின் பிறந்தநாளுக்காக, இருபது மாதங்களுக்கு முன் இங்குள்ள ஒரு வியாபாரியிடம் 1,150 டாலருக்கு வாங்கினேன். அதை எடுத்த ராபர்ட் ஜாக்சனும், ஆஸ்வால்டோடு கைவிலங்கில் பிணைந்திருந்த துப்பறிவாளர் ஜிம் லெவெலும் கையெழுத்திட்டது என்றார். 'லெவெல் 2021 அக்டோபரில் என் கண்முன் போட்டது' என்று சான்றிதழும் தந்தார். லெவெல் 2019-லேயே இறந்துவிட்டது ஏழு மாதங்களுக்கு முன்தான் தெரிந்தது. போனில் கேட்டால் சிரிக்கிறார். சேகரிப்பாளர்கள் நடுவே என்னைக் கேலி செய்கிறார். இப்போது 1,000 டாலர் தருகிறேன், படத்தைத் திருப்பிக் கொடு என்கிறார். வழக்குப் போடவா? இல்லை, 'உள்ளது உள்ளபடி' என்று போட்டு ஆன்லைனில் விற்றுவிடவா?

பதில்: அவர் சிரித்தது, கேலி செய்தது, அப்பாவின் பிறந்தநாளுக்கு நீங்கள் ஆசையாக வாங்கியது, இவை எதுவும் வழக்கில் நிற்காது. நிற்பது 'என் கண்முன்' என்ற சொல் மட்டுமே.

கையெழுத்துச் சான்றிதழ்களில் பெரும்பாலானவை 'எங்கள் கருத்தில் இது அசல்' என்றுதான் சொல்லும். கருத்து தப்பாகிப்போனால் ஏமாற்று என்று நிறுவுவது கடினம். உங்கள் வியாபாரி கருத்துச் சொல்லவில்லை, தானே பார்த்ததாக எழுதிக் கொடுத்திருக்கிறார். லெவெல் 2019 ஆகஸ்டில், 99 வயதில் இறந்தார். ஆகவே பொருளுக்கான உத்தரவாதம் உடைந்தது. தெரிந்தே சொன்ன பொய் என்று டெக்சாஸின் ஏமாற்று வணிகத் தடுப்புச் சட்டத்திலும் வாதிடலாம். தெரிந்தே செய்தார் என்று நிரூபித்தால் நஷ்டத்தில் மூன்று மடங்குவரை கேட்கலாம். இந்த மூன்று மடங்குதான் ஆளைக் கெடுக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் விற்பனை. தயவுசெய்து வேண்டாம். போலி என்று தெரிந்த நொடியிலிருந்து அதைச் சொல்லாமல் விற்றால் ஏமாற்றியவர் நீங்கள்தான். 'உள்ளது உள்ளபடி' என்பது தெரியாத குறைக்குத்தான் கவசம், தெரிந்து மறைத்த பொய்க்கு இல்லை. இணையம் வழியாக விற்றால் அமெரிக்கக் கூட்டரசின் தந்திவழி மோசடிச் சட்டம் பாயலாம், அதிகபட்சம் 20 ஆண்டுகள் சிறை. 1990-களில் போலிக் கையெழுத்துகள் பற்றி எஃப்பிஐ நடத்திய 'ஆபரேஷன் புல்பென்' விசாரணையில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால்கூடச் சிக்கியது. அதில் மாட்டியவர்கள் பேனா பிடித்தவர்கள் மட்டுமல்ல, கைமாற்றி விற்றவர்களும்தான். என்னிடம் வந்த ஒருவர் உங்களைப் போலவே ஏமாந்தவர். கோபத்தில் அந்தப் பொருளை இன்னொருவருக்குத் தள்ளிவிட்டார். அவருக்குக் கிடைக்கவேண்டிய பணமும் போனது, கையில் இருந்த சாட்சியும் போனது. வாங்கியவரின் வக்கீல் நோட்டீஸ்தான் வந்தது. நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தில், இங்கே சுருக்கியபோது விட்ட பகுதியில், 'போலி என்று எனக்கு உறுதியாகத் தெரியும்' என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இதையே வேறு யாருக்காவது எழுதியிருந்தால், விற்றபின் அது உங்களுக்கு எதிரான சாட்சி.

அடுத்து, காலம். போனில் சொன்னது போதாது. குறை தெரிந்தபின் நியாயமான காலத்துக்குள் விற்றவருக்குத் தெரிவிக்காவிட்டால் உத்தரவாத உரிமை பறிபோகும். போனில் சொன்னதை நாளை அவர் மறுத்தால் உங்களிடம் என்ன இருக்கிறது? ஏமாற்று வணிகச் சட்டத்தில் வழக்குப் போட இரண்டு ஆண்டு வரம்பு. நீங்கள் கண்டுபிடித்த நாளிலிருந்து என்று நீங்கள் சொல்வீர்கள். லெவெல் இறந்தது எல்லா நாளிதழ்களிலும் வந்த செய்தி, வாங்கிய அன்றே தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு சொல்லும். அவர் வாதம் எடுபட்டால் உங்களுக்கு நான்கு மாதம்தான் மிச்சம், அதில் 60 நாள், வழக்குக்கு முன் அனுப்பவேண்டிய முன்னறிவிப்புக் கடிதத்துக்குப் போய்விடும்.

இனி அந்த மூன்று மடங்கு. பேராசையில் சமரசத்தைத் தட்டிவிட்டுத் தோற்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் மறுத்த சமரசத் தொகை, நீதிமன்றம் கணக்கிடும் நஷ்டத்துக்கு ஈடாகவோ கூடவோ இருந்தால், இந்தச் சட்டத்தில் உங்கள் பரிகாரம் சுருங்கிவிடும். மறுத்தபின் ஆன வக்கீல் செலவும் உங்கள் தலையில். நஷ்டமும் 1,150 ஆகாது. ஜாக்சன் கையெழுத்து அசலாக இருக்க வாய்ப்புண்டு, அசல் கையெழுத்துப் படத்தில் இன்னொன்றைச் சேர்ப்பது பழைய வித்தை. அப்படியானால், படத்தை நீங்களே வைத்துக்கொள்ளும் பட்சத்தில், சொன்னபடி இருந்திருந்தால் என்ன விலை, இப்போது என்ன விலை என்ற வித்தியாசம்தான் நஷ்டம். 1964-இல் புலிட்சர் பரிசு வாங்கிய படம், ஜாக்சன் கையெழுத்து மட்டும் இருந்தாலும் பெறுமதி உண்டு.

ஆகவே 1,000 டாலரை வாங்கிக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டாலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் இந்த வாரமே, முறைப்படியான முன்னறிவிப்பைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். படத்தின் இரு பக்கமும், சான்றிதழும், ரசீதும் தெளிவாக ஸ்கேன் ஆகட்டும். பணம் வங்கியில் விழுந்தபின்தான் படம் கைமாற வேண்டும். உடன்படிக்கையில் 'யாரிடமும் புகார் செய்யமாட்டேன்' என்ற வரி கட்டாயம் இருக்கும். அதிகாரிகளிடம் சொல்வதைத் தடுக்கும் பகுதியை மட்டும் அடித்துவிட்டுத்தான் கையெழுத்திடுங்கள். அதற்கு அவர் மறுத்தால், அப்போது நேரில் வாருங்கள்.